நூற்பட்டியல் மென்பொருள்களில் தலைப்புகளின் எழுத்து வடிவம்: பிப்டெக் முதல் சி.எஸ்.எல். வரை

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கில நூல், கட்டுரைத் தலைப்புகளில் எந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பதில் மேற்கோள் நடைகள் தம்முள் வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டைக் கணினி தானாகவே கையாளும் என்ற எதிர்பார்ப்பில் 1980கள் முதல் நூற்பட்டியல் மென்பொருள்கள் உருவாக்கப்பட்டன. அவற்றுள் பிப்டெக், எண்ட்நோட், சி.எஸ்.எல். ஆகியவை இச்சிக்கலை எதிர்கொண்ட முறைகளைக் கால வரிசையில் இக்கட்டுரை ஆராய்கிறது. தலைப்பை எவ்வடிவில் சேமிக்க வேண்டும் என்ற அறிவுரை இக்காலத்தில் நேர் எதிராகத் திரும்பியது என்பதையும், மொழிப்புலம் என்ற தனிப்புலம் இன்றியமையாததாக ஆனது என்பதையும் எடுத்துக்காட்டி, பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு இல்லாத தமிழின் தரவுகளுக்கு இதனால் நேரும் விளைவுகளை மதிப்பிடுகிறது.

திறவுச் சொற்கள்: நூற்பட்டியல் மென்பொருள், மேற்கோள் நடை, தலைப்புநிலை, வாக்கியநிலை, பிப்டெக், சி.எஸ்.எல்., ஒலிபெயர்ப்பு, மொழிப்புலம்.

முன்னுரை

ஆய்வேட்டின் இறுதியில் இடம்பெறும் துணைநூற்பட்டியலை இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் மென்பொருளின் துணையுடன் அமைக்கின்றனர். நூல் விவரங்களை ஒரு முறை பதிந்துவிட்டால், இதழ் எந்த நடையைக் கேட்டாலும் பட்டியல் அந்நடைக்கு மாறிவிடும் என்பதே இம்மென்பொருள்கள் தரும் உறுதி. ஆசிரியர் பெயர், ஆண்டு, பதிப்பகம் ஆகியவற்றின் வரிசையை மாற்றுவதில் இவ்வுறுதி பெரிதும் நிறைவேறுகிறது. தலைப்பின் எழுத்து வடிவத்தில்தான் அது தடுமாறுகிறது. மற்ற விவரங்களை இடம் மாற்றினால் போதும். தலைப்பிலோ எழுத்தையே மாற்ற வேண்டியுள்ளது.

இதனைத் தட்டச்சுத் தூய்மை பற்றிய சிறு சிக்கலாகக் கருதிவிட இயலாது. ஆங்கிலத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளைக் குறிக்கும் ‘யு.எஸ்.’ என்ற ஈரெழுத்துச் சுருக்கம் புள்ளியின்றிச் சிறிய எழுத்தில் அச்சானால் ‘நம்மை’ என்று பொருள்படும். எய்ட்ஸ் நோயின் பெயர் ‘உதவிகள்’ என்றாகும். போலந்து மக்களின் மொழியைக் குறிக்கும் சொல் ‘மெருகு’ என்றாகும். பெரிய எழுத்து அழகுக்காக இடப்படுவதன்று. பொருளைச் சுமக்கும் தகவல் அது. அத்தகவலை எங்கே, யார் பொறுப்பில் வைப்பது என்ற வினாவே நூற்பட்டியல் மென்பொருள்களின் நாற்பதாண்டு வரலாற்றில் தொடர்ந்து வருகிறது.

இரு மரபுகள்

ஆங்கிலத் தலைப்புகளை எழுதுவதில் இரு மரபுகள் உள்ளன. முதன்மைச் சொற்கள் அனைத்தையும் பெரிய எழுத்தில் தொடங்கி, சுட்டிடைச் சொல், குறுகிய முன்னிடைச் சொல், இணைப்புச் சொல் ஆகியவற்றை மட்டும் சிறிய எழுத்தில் விடுவது ஒன்று. இக்கட்டுரை இதனைத் ‘தலைப்புநிலை’ என்று குறிக்கிறது. முதற்சொல்லையும் சிறப்புப் பெயர்களையும் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்குவது மற்றொன்று. இது ‘வாக்கியநிலை’ எனக் குறிக்கப்படுகிறது.

இவற்றுள் தலைப்புநிலை அச்சகம், பதிப்பகம் சார்ந்த மரபு. 1906இல் முதற்பதிப்பு கண்ட சிகாகோ நடைக் கையேடும், 1951இல் நடைத்தாளாக வெளிவந்து பின்னர் கையேடாக வளர்ந்த எம்.எல்.ஏ. நடையும் மானுடவியல் புலங்களில் இதனை நிலைநிறுத்தின. வாக்கியநிலை நூலகப் பட்டியலாக்கத்திலும் அறிவியல் புலங்களிலும் வேரூன்றியது. 1978இல் வெளிவந்த ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் இரண்டாம் பதிப்பு தலைப்புகளை வாக்கியநிலையில் பதியச் சொல்கிறது. உளவியலுக்கான ஏ.பி.ஏ. நடை, கட்டுரை, நூல் தலைப்புகளுக்கு வாக்கியநிலையையும் இதழ்ப் பெயர்களுக்குத் தலைப்புநிலையையும் கொள்கிறது. 1978இல் மருத்துவ இதழாசிரியர்கள் கூடி வகுத்த வான்கூவர் நடையும் கட்டுரைத் தலைப்புகளுக்கு வாக்கியநிலையையே பின்பற்றுகிறது.

ஒரே நடைக்குள்ளும் விதிகள் நிலையாக இருப்பதில்லை. சிகாகோ கையேடு தன் ஆசிரியர்-ஆண்டு முறைக்கு முன்பு வாக்கியநிலையைப் பரிந்துரைத்தது. 2010இல் வந்த 16ஆம் பதிப்பில் அம்முறைக்கும் தலைப்புநிலையை ஏற்றது. 2024இல் வந்த 18ஆம் பதிப்பு, ஐந்தெழுத்தும் அதற்கு மேலும் உடைய முன்னிடைச் சொற்களைத் தலைப்புநிலையில் பெரிய எழுத்தில் தொடங்குமாறு விதியைத் திருத்தியது. எனவே ஒரு நடையின் விதிப்படி கையால் திருத்திச் சேமித்த தலைப்பு, அந்நடையின் அடுத்த பதிப்பிலேயே பிழையாகிவிடக்கூடும்.

கணினிக்குள் நுழைந்த நூற்பட்டியல்

தொடக்கக் காலக் கணினிகள் பலவற்றில் சிறிய எழுத்துகளே இல்லை. 1963இல் வெளியான ஆஸ்கி குறியீட்டுத் தரத்தில் சிறிய எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அவை சேர்க்கப்பட்டன. முழுவதும் பெரிய எழுத்தில் பதியப்பட்ட தலைப்பில் சிறப்புப் பெயர் எது, பொதுப்பெயர் எது என்ற வேறுபாடு அழிந்துவிடுகிறது. அதனை மீட்க மனித வாசிப்பைத் தவிர வேறு வழியில்லை. எழுத்து வடிவம் ஒரு முறை இழக்கப்பட்டால் கணினியால் அதனைத் திரும்பப் பெற இயலாது என்பது இவ்வரலாற்றின் முதற்பாடம்.

1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியட் ஆவ்ரம் தலைமையில் உருவான மார்க் பதிவமைப்பு, நூலக விவரங்களைக் கணினி படிக்கத்தக்க புலங்களாகப் பிரித்தது. எனினும் அது நூலகத்தின் தேவைக்கானது. ஆய்வாளரின் கட்டுரைக்கு நூற்பட்டியல் அமைத்துத் தருவது அதன் பணியன்று. அப்பணியை ஏற்றவை 1970களின் இறுதியில் தோன்றிய கருவிகள். பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக ‘ரெஃபர்’ என்னும் நிரலை எழுதினார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிரையன் ரீட் தம் முனைவர் பட்ட ஆய்வாக, 1980இல் ‘ஸ்க்ரைப்’ என்னும் ஆவண அமைப்பை வழங்கினார். ஆவணத்தின் உள்ளடக்கத்தையும் அதன் தோற்றத்தையும் பிரித்து வைக்க வேண்டும் என்பது ஸ்க்ரைபின் அடிப்படைக் கருத்து. நூல் விவரம் ஒரு கோப்பிலும் அதனை அச்சிடும் முறை மற்றொரு கோப்பிலும் இருக்கும் இன்றைய அமைப்பு இக்கருத்தின் வழிவந்தது.

பிப்டெக்: விதி நடையில், விலக்கு தரவில்

டொனால்டு கனூத் உருவாக்கிய டெக் அச்சமைப்பின் மீது லெஸ்லி லாம்போர்ட் லேடெக் தொகுப்பை எழுதினார். அதற்குத் துணையாக, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவராக இருந்த ஓரன் படாஷ்னிக் 1985இல் பிப்டெக் நிரலை உருவாக்கினார். அதன் தரவுக் கோப்பு வடிவம் ஸ்க்ரைபைப் பின்பற்றியது. நடைகளை வரையறுக்க அவர் தனி நிரல்மொழி ஒன்றை அமைத்தார். அதிலுள்ள ஒரு கட்டளை தலைப்பின் முதல் எழுத்தையும், முக்காற்புள்ளியையும் இடைவெளியையும் அடுத்து வரும் எழுத்தையும் விட்டுவிட்டு ஏனைய எழுத்துகள் அனைத்தையும் சிறிய எழுத்தாக்கும். பிப்டெக்குடன் வழங்கப்படும் பொது நடைகள் கட்டுரைத் தலைப்புகளுக்கு இக்கட்டளையைப் பயன்படுத்துகின்றன. நூல் தலைப்புகளைப் பதிந்தவாறே அச்சிடுகின்றன.

இவ்வமைப்பில் சிறப்புப் பெயர்களும் சுருக்கப் பெயர்களும் சிறிய எழுத்தாகிவிடும் என்பதைப் படாஷ்னிக் அறிந்திருந்தார். அதற்காக நெளிவு அடைப்புக்குறி என்னும் காப்பினை வழங்கினார். அடைப்புக்குறிக்குள் இடப்பட்ட எழுத்தை நிரல் தொடாது. தலைப்பைத் தலைப்புநிலையிலேயே பதிந்துவிட்டு, மாறக்கூடாத எழுத்துகளை மட்டும் அடைப்புக்குறிக்குள் இடுமாறும், தேவைப்படும் இடத்தில் பிப்டெக் சிறிய எழுத்தாக்கிக்கொள்ளும் என்றும் லாம்போர்ட்டின் லேடெக் கையேடு பயனருக்கு அறிவுறுத்தியது.

தகவல் நோக்கில் இத்தீர்வு பிழையற்றது. தலைப்புநிலைப் பதிவும் அடைப்புக்குறிகளும் சேர்ந்திருந்தால் இரு வடிவங்களையும் பெற முடியும். ஆனால் அது பயனரின் இடையறாத கவனத்தை எதிர்பார்க்கிறது. சிறப்புப் பெயர் எது என்ற தீர்மானத்தை ஒவ்வொரு பதிவிலும் மனிதர் எடுத்து அடைப்புக்குறியால் சுட்டியாக வேண்டும். பல பயனர்கள் முழுத் தலைப்பையும் இரட்டை அடைப்புக்குறிக்குள் இட்டனர். அதனால் பிழை மறைந்தது. ஆயினும் நடைக்கேற்ப மாறும் ஆற்றலும் உடன் மறைந்தது. பெயர்ச்சொற்கள் அனைத்தையும் பெரிய எழுத்தில் தொடங்கும் ஜெர்மன் மொழித் தலைப்புகள் அடைப்புக்குறியின்றிப் பதியப்பட்டபோது எழுத்திலக்கணமே குலைந்து அச்சாயின. தலைப்பு எம்மொழியில் உள்ளது என்ற வினா பிப்டெக்கின் பொது நடைகளில் எழுப்பப்படவே இல்லை. உலகின் தலைப்புகள் யாவும் ஆங்கிலத் தலைப்புகள் என்ற முற்கோள் அவற்றின் விதிக்குள் சொல்லாமலே அடங்கியிருந்தது.

எண்ட்நோட்: தேர்வு பயனரிடம்

1980களின் இறுதியில் மேசைக்கணினிகளுக்காக வெளிவந்த எண்ட்நோட், சொற்செயலியில் எழுதுவோரிடையே பரவியது. அதன் நடை அமைப்பில் தலைப்பின் எழுத்து வடிவத்துக்கு மூன்று தேர்வுகள் உள்ளன: பதிந்தவாறே விடுதல், தலைப்புநிலையாக்குதல், வாக்கியநிலையாக்குதல். மாற்றக்கூடாத சொற்களுக்குப் பயனர் ஒரு பட்டியல் அமைத்துக்கொள்ளலாம். பிப்டெக்கில் ஒவ்வொரு பதிவிலும் தனித்தனியே இடப்பட்ட விலக்கு இங்கு ஒரு பொதுப் பட்டியலுக்கு நகர்ந்தது. மருத்துவம் போன்ற ஒரே துறையில் இது பயன்தரும். பல நாட்டுப் பெயர்களும் ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும் கலந்துவரும் வரலாறு, இலக்கியத் துறைகளில் அப்பட்டியல் முடிவின்றி நீளும்.

சி.எஸ்.எல்.: எதிர்த்திசைத் திருப்பம்

2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாறு, புதிய ஊடக மையம் ஜொட்டேரோ மென்பொருளை வெளியிட்டது. வரலாற்றாய்வாளர்களிடையே பிறந்த இம்மென்பொருள், புவியியல் பேராசிரியர் புரூஸ் டார்கஸ் வடிவமைத்த ‘மேற்கோள் நடை மொழி’யை, அதாவது சி.எஸ்.எல்.ஐ, நடைகளை வரையறுக்கக் கைக்கொண்டது. 2010இல் அதன் 1.0 பதிப்பு வெளியானது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஃபிராங்க் பென்னட் அதனை இயக்கும் செயலியை எழுதினார்.

ஜொட்டேரோ தன் பயனர்களுக்குத் தரும் அறிவுரை, தலைப்புகளை வாக்கியநிலையில் சேமிக்க வேண்டும் என்பது. இது லேடெக் கையேட்டின் அறிவுரைக்கு நேர் எதிரானது. இத்திருப்பத்துக்கு இரு காரணங்கள் உள்ளன.

முதலாவது, மாற்றத்தின் திசை. வாக்கியநிலையில் உள்ள தலைப்பைத் தலைப்புநிலையாக்க, சிறிய எழுத்தில் விட வேண்டிய இடைச்சொற்களின் குறும்பட்டியல் ஒன்று போதும். தலைப்புநிலையை வாக்கியநிலையாக்க வேண்டுமானால் சிறப்புப் பெயர் ஒவ்வொன்றையும் அடையாளம் காண வேண்டும். முன்னது ஏறத்தாழ இயந்திரப் பணி. பின்னது பொருளறிவைக் கோரும் பணி.

இரண்டாவது, தரவு வரும் வழி. பிப்டெக் காலத்தில் ஆய்வாளரே விவரங்களைத் தட்டச்சிட்டார். ஜொட்டேரோவிலோ நூலகப் பட்டியலிலிருந்தும் பதிப்பகத் தளத்திலிருந்தும் ஒரு சொடுக்கில் விவரங்கள் வந்துசேர்கின்றன. நூலகப் பதிவு வாக்கியநிலையிலும் பதிப்பகப் பதிவு தலைப்புநிலையிலும் வரக்கூடும். பிறர் பதிந்த தரவில் அடைப்புக்குறிக் காப்பை எதிர்பார்க்க இயலாது.

சி.எஸ்.எல். விதித்தொகுப்பு இதனை உணர்ந்தே அமைக்கப்பட்டது. அதில் ‘வாக்கியநிலை’ எனக் கட்டளையிட்டாலும், தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தாலன்றி நடுவிலுள்ள சொற்களைச் செயலி சிறிதாக்காது. தனக்குத் தெரியாததை அழிக்காமல் விட்டுவிடும். தலைப்புநிலையாக்கும்போதும், முழுமையாகச் சிறிய எழுத்தில் உள்ள சொற்களையே அது மாற்றும். பெரிய எழுத்துகள் கலந்த சொற்களைத் தொடாது. இதன் விளைவாக, தலைப்புநிலையில் சேமித்த பதிவு ஏ.பி.ஏ. நடையிலும் தலைப்புநிலையிலேயே அச்சாகும். மென்பொருள் பிழை செய்துவிட்டதாகப் பயனர் கருதும் இடங்கள் பல, உண்மையில் அது பிழை செய்ய மறுத்த இடங்களாகும்.

மொழிப்புலத்தின் நுழைவு

சி.எஸ்.எல். கொண்டுவந்த மற்றொரு மாற்றம் மொழியைப் பற்றியது. தலைப்புநிலையாக்கம் ஆங்கிலப் பதிவுகளுக்கு மட்டுமே உரியது என அது வரையறுக்கிறது. ஒரு பதிவு ஆங்கிலமா என்பதை மொழிப்புலம் தீர்மானிக்கிறது. ஆங்கில நடையில், மொழிப்புலம் வெறுமையாக இருக்கும் பதிவு ஆங்கிலமாகவே கொள்ளப்படும். மொழிக்குறியீடு இட்டு, அது ஆங்கிலம் அல்லாததாக இருந்தால்தான் தலைப்பு மாற்றமின்றி விடப்படும்.

லேடெக் உலகிலும் இதே முடிவு எட்டப்பட்டது. பிலிப் லேமன் எழுதிய பிப்லேடெக் தொகுப்பு பதிவுதோறும் மொழியைக் குறிக்கத் தனிப்புலம் வைத்தது. அதன் வாக்கியநிலைக் கட்டளையின் ஒரு வடிவம் அப்புலத்தைப் பார்த்து, ஆங்கிலம் சார்ந்த மொழிகளுக்கு மட்டும் செயல்படுகிறது. ஒன்று பெரிதாக்கும் விதியிலிருந்தும் மற்றொன்று சிறிதாக்கும் விதியிலிருந்தும் புறப்பட்ட இவ்விரு மரபுகளும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தமை கருதத்தக்கது. எழுத்து வடிவ விதியை மொழியிலிருந்து பிரிக்க முடியாது என்பதே அவ்விடம்.

தமிழ்த் தரவுகளில் விளைவுகள்

தமிழ் எழுத்தில் பெரியது, சிறியது என்ற பாகுபாடு இல்லை. ஒருங்குறித் தரமும் தமிழ் எழுத்துகளை அப்பாகுபாடற்ற வகையிலேயே சேர்த்துள்ளது. ஆகவே தமிழ் எழுத்தில் பதியப்பட்ட தலைப்பை எக்கட்டளையும் மாற்றுவதில்லை. இதனால் தமிழாய்வுக்கு இச்சிக்கல் பொருந்தாது என்று தோன்றலாம். ஆங்கிலத்தில் எழுதப்படும் தமிழாய்வுகளில் தமிழ் நூல்கள் பெரும்பாலும் உரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்தே தரப்படுகின்றன. சிக்கல் அங்கே தொடங்குகிறது.

முதலாவதாக, மொழிப்புலம் வெறுமையாக உள்ள ஒலிபெயர்ப்புத் தலைப்பு ஆங்கிலமாகக் கொள்ளப்பட்டு, ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கப்படும். ஆங்கில இடைச்சொல்லை ஒத்த தமிழ்ச் சொல்லுக்கு நேர்வது இன்னும் விந்தையானது. நெடிற்குறி இன்றி ஒலிபெயர்த்தால் ‘ஓர்’ என்னும் தமிழ்ச் சொல்லும் ‘அல்லது’ எனப் பொருள்படும் ஆங்கில இடைச்சொல்லும் ஒரே வடிவம் பெறும். ‘தமிழில் ஓர் இலக்கிய மரபு’ என்ற தலைப்பு இருப்பதாகக் கொண்டால், மற்றச் சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்க, ‘ஓர்’ மட்டும் சிறிய எழுத்தில் நிற்கும். செயலி அதனை ஆங்கிலச் சொல்லாகவே படிக்கிறது.

இரண்டாவதாக, ஒலிபெயர்ப்பு முறையின் தேர்வு. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் முறை, கீழ்ப்புள்ளி, கீழ்க்கோடு முதலிய குறிகளால் ளகர, ழகர, ணகர, றகரங்களைப் பிரித்துக் காட்டுகிறது. இதில் எழுத்து பெரிதானாலும் சிறிதானாலும் ஒலி மாறாது. குறியற்ற ஆஸ்கி எழுத்துகளை மட்டும் பயன்படுத்தும் முறைகள் சிலவற்றில், சிறிய ‘எல்’ லகரத்தையும் பெரிய ‘எல்’ ளகரத்தையும் குறிக்கின்றன. சமற்கிருதத்துக்கான ஹார்வர்டு-கியோட்டோ முறையும் நாவளை ஒலிகளைப் பெரிய எழுத்தால் காட்டுவதே. இத்தகைய முறையில் பதிந்த தலைப்பைச் சிறிய எழுத்தாக்கினால் ‘பள்ளி’ ‘பல்லி’யாகும், ‘மணம்’ ‘மனம்’ ஆகும். ஒரு கல்வி வரலாற்று நூல் விலங்கியல் நூலாகத் தோற்றமளிக்கும். தலைப்பைக் கொண்டு நூலைத் தேடும் பிற்கால ஆய்வாளர் அதனைக் கண்டடைய மாட்டார்.

மூன்றாவதாக, ஒலிபெயர்ப்பையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் ஒரே தலைப்புப் புலத்தில் பதியும் வழக்கம். மொழிப்புலத்தில் தமிழ் என்று இட்டால் ஒலிபெயர்ப்பு காக்கப்படும். மொழிபெயர்ப்பு நடைக்கேற்ப மாறாது. ஆங்கிலம் என்று இட்டால் இரண்டும் மாறும். ஒரு பதிவுக்கு ஒரு மொழி என்ற அமைப்பில் இதற்கு நிறைவான தீர்வில்லை. பென்னட் ஜொட்டேரோவின் கிளையாக உருவாக்கிய ஜூரிஸ்-எம் மென்பொருள், மூல எழுத்து, ஒலிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பு ஆகியவற்றை ஒரே புலத்தின் தனித்தனி வடிவங்களாகச் சேமிக்க வழிசெய்தது. தமிழ்த் தரவுகளின் தேவைக்கு மிக நெருங்கிவந்த வடிவமைப்பு அதுவே.

தமிழ் எழுத்துப் பதிவுகளிலும் பழைய நிரல்களின் முற்கோள் வேறு வடிவில் வெளிப்பட்டது. ஓர் எழுத்து ஒரு பைட்டில் அடங்கும் என்ற அடிப்படையில் எழுதப்பட்டது பிப்டெக். யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் கொள்ளும். ஆசிரியர் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கும் நடையில், பிப்டெக் முதல் பைட்டை மட்டும் வெட்டி எடுப்பதால் எழுத்தே சிதைகிறது. பிப்லேடெக்குக்காக ஒருங்குறியை ஏற்று எழுதப்பட்ட பைபர் நிரல் இக்குறையை நீக்கியது.

முடிவுரை

நூற்பட்டியல் மென்பொருள்களின் வரலாற்றில் தலைப்பின் எழுத்து வடிவம் பற்றிய தீர்மானம் மூன்று இடங்களில் வைக்கப்பட்டது. பிப்டெக் விதியை நடையிலும் விலக்கைத் தரவிலும் வைத்தது. எண்ட்நோட் அதனைப் பயனரின் பட்டியலுக்கு நகர்த்தியது. சி.எஸ்.எல்., வாக்கியநிலைத் தரவு, மொழிப்புலம் ஆகிய இரண்டின் மீதும் அதனை நிறுத்தியது. ஒவ்வொரு நிலையிலும் கணினியின் பொறுப்பு சுருங்கி, பதிவு செய்பவரின் பொறுப்பு தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளது.

தமிழாய்வாளர் இதிலிருந்து பெறும் நடைமுறைப் பயன் மூன்று. ஆங்கிலத் தலைப்புகளை வாக்கியநிலையில் சேமித்தல். தமிழ்ப் பதிவு ஒவ்வொன்றிலும் மொழிப்புலத்தை நிரப்புதல். ஒலிபெயர்ப்பில் எழுத்தின் அளவை ஒலிவேறுபாட்டுக்குப் பயன்படுத்தாத முறையைத் தேர்தல். இவை பதிவின்போது சில நொடிகளே கொள்ளும். ஒருவர் பதிந்த விவரம் அவர் கட்டுரை வழியாக மற்றொருவர் பட்டியலுக்கும் அங்கிருந்து தரவுத்தளங்களுக்கும் செல்கிறது. அச்சுக்கு முன்பு எந்த நிரலாலும் மீட்க இயலாத தகவலை, நூலைக் கையில் வைத்திருக்கும் ஆய்வாளரால் மட்டுமே சரியாகப் பதிய முடியும்.